கையில் ஆஞ்சியோ செய்த வயதானவரை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்

வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கை வழியாக ஆஞ்சியோ (குழாய் விட்டு இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யப் போகிறார்கள், கூட இருக்கப் போவது நீங்கள் ஒருத்தர்தான் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். இதயத்தில் எத்தனை அடைப்பு, அடைப்பை விரித்துப் பிடிக்க எத்தனை ஸ்டென்ட், என்ன மாத்திரை என்று எல்லாம் விவரமாகச் சொல்வார்கள். மணிக்கட்டில் போட்ட அந்தச் சின்ன ஓட்டையைப் பற்றி மட்டும் "கையை மடக்காம பாத்துக்கோங்க" என்பதோடு முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வந்த விதம் வேறு யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம். அம்மாவுக்கு 76 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றிய கை. சுகர், பிபி இரண்டும் உண்டு. ஆள் மெலிவு. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. நெஞ்சு கனமாக இருக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று அம்மா சொன்னதும் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியது நான்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். ஆஞ்சியோவில் ஒரு இடத்தில் பெரிய அடைப்பு என்று அப்போதே ஸ்டென்ட்டும் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தச் செலவு அதில் போனது. ஆஞ்சியோ செய்கிற அறையான கேத் லேபுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்னால் ஒரு சிஸ்டர் வந்து, அம்மாவின் வலது கையில் இருந்த கண்ணாடி வளையலையும் கோயில் கறுப்புக் கயிற்றையும் கழற்றச் சொன்னார். அம்மா கயிற்றை வெட்ட விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "ஆச்சி, கை வீங்கிச்சுன்னா அப்புறம் வெட்டக்கூட முடியாது" என்றார் சிஸ்டர். அந்தக் கயிறு இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. வளையல், காப்பு, கயிறு, மோதிரம் எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

முன்பெல்லாம் பெரும்பாலும் தொடை இடுக்கு வழியாகத்தான் குழாய் விடுவார்களாம். முடிந்ததும் காலை நீட்டியபடி மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியாக இதயத்துக்குப் போகும் முறையை 1989-இல் கனடாவின் மான்ட்ரியலில் லூசியன் காம்போ என்ற மருத்துவர் எழுதி வெளியிட்ட பிறகு அது மெல்ல மெல்ல எல்லா நாட்டுக்கும் வந்தது. வயதானவர்களுக்கு இது பெரிய வரம். தொடையில் செய்வதைவிட ரத்தக் கசிவு ஆபத்து குறைவு, எழுந்து உட்காரலாம், நடந்து பாத்ரூம் போகலாம். அதனால் கை வழியாகச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆபத்து குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான். ஊசி குத்துவது நரம்பிலே அல்ல, நாடி பிடித்துப் பார்ப்போமே, அந்தத் தமனியிலே. உள்ளே ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வேறு. இத்தனையும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து. வயதானால் ரத்தக் குழாய் கெட்டிப்பட்டு வளைந்து நெளிந்து போயிருக்கும், தோலும் மெல்லிசாகிவிடும். எடை குறைவாக இருந்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, பிபி ஏறி நின்றாலோ ஆபத்து இன்னும் கூடும். எங்கள் அம்மாவுக்கு இதில் பாதிக்கு மேல் பொருந்தும். இதை யாராவது முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அம்மாவை வெளியே கொண்டுவந்தபோது மணிக்கட்டில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பேண்ட் கட்டியிருந்தார்கள். காற்றடித்து அழுத்தம் கொடுக்கிற வகை. அதில் சாதாரணமாக 13 மில்லி காற்று ஏற்றுவார்கள், 18 மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து 2, 3 மில்லியாக இறக்குவார்கள். இறக்கும்போது ரத்தம் எட்டிப் பார்த்தால் திரும்பக் கொஞ்சம் ஏற்றுவார்கள். அதற்கென்றே தனி சிரிஞ்சு உண்டு, மற்ற சிரிஞ்சு பொருந்தாது. அதை நோயாளி பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். எங்கள் சிரிஞ்சை யாரோ எடுத்துப்போய்விட்டு ஒரு சிஸ்டர் வார்டு முழுக்கத் தேடினார். சில இடங்களில் இந்த பேண்ட் கிடையாது, பஞ்சுச் சுருளை வைத்து டைனாபிளாஸ்ட் என்கிற இழுபடும் ஒட்டுப் பட்டையால் இறுக்கி ஒட்டிவிடுவார்கள். எதுவானாலும் ரத்தம் நிற்கிற அளவுக்கு அழுத்தம் வேண்டும், அதே சமயம் கைக்குள் ரத்த ஓட்டம் முழுக்க நின்றுவிடவும் கூடாது. ரொம்ப இறுக்கமாக நெடுநேரம் கட்டிவைத்தால் அந்தத் தமனியே அடைத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு தமனி கைக்கு ரத்தம் கொடுப்பதால் நோயாளிக்கு அது தெரியாமலே போய்விடும். நாடியே இல்லாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு.

சாயங்காலம் பேண்டைக் கழற்றிச் சின்னதாக ஒரு ஒட்டுக்கட்டு போட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நானும் காபி வாங்கிவிட்டு வந்தேன். அம்மா "கை கனமா இருக்குட்டி" என்றாள். பீடி சுற்றிய காலத்திலிருந்தே கை வலி என்று சொல்கிறவள் என்பதால் அங்கே இருந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் "உள்ள இழுத்துப் பிடிக்கு" என்றாள். போர்வையை விலக்கிப் பார்த்தால் மணிக்கட்டு நன்றாக இருக்கிறது, அதற்கு மேலே முழங்கை வரைக்கும் உள்பக்கம் முழுக்க உப்பியிருக்கிறது. தோல் பளபளவென்று மின்னுகிறது. தொட்டால் கல் மாதிரி. இன்னொரு கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு வீக்கம் என்று புரிந்தது. ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கட்டைப் பார்த்துவிட்டு "ரத்தமே இல்லையேம்மா" என்றார். "கட்டைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க" என்று கத்திவிட்டேன். டியூட்டி டாக்டர் வந்து தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. ரத்தம் வெளியே வரவில்லை, உள்ளே சதைக்கு நடுவில் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே கம்பி போகும்போது ஓட்டை போட்ட இடத்துக்கு மேலே ஏதாவது சின்னக் கிளை கீறுபட்டால் இப்படி ஆகுமாம். அப்படியானால் மணிக்கட்டில் எவ்வளவு அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை. பிபி பார்க்கிற பட்டையை முன்கையில் சுற்றிக் காற்றடித்து அழுத்தம் கொடுத்தார். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ரத்தம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவால் வீக்கத்தின் ஓரத்தைக் கோடு போட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டினா ஒடனே சொல்லணும்" என்றார். ராத்திரி முழுக்க அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு போன் போட்டால் அழுதுவிடுவான் என்று போடவில்லை.

நல்லவேளை, கோட்டைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் உள்ளே அழுத்தம் கூடிக் கை சதையே செத்துப்போகலாம், அறுத்துத்தான் அழுத்தத்தை இறக்க வேண்டும் என்று மறுநாள் சொன்னார்கள். அதனால் கூட இருப்பவர்கள் முதல் சில மணி நேரம் கட்டை மட்டும் பார்க்காமல் முழங்கை வரைக்கும் பாருங்கள். போர்வையால் மூடி வைக்காதீர்கள். அரை மணிக்கு ஒருதரம் இரண்டு கையையும் சேர்த்து வைத்துத் தொட்டுப் பாருங்கள். விரல் மரத்துப்போகிறதா, வெளுத்து ஜில்லென்று ஆகிறதா, விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். இதில் எது இருந்தாலும் ஆள் வருகிறவரைக்கும் விடாதீர்கள். வயதானவர்கள் வலியை அடக்கிக்கொள்வார்கள், "ஒண்ணுமில்ல" என்பார்கள். சிலருக்கு ராத்திரியில் புத்தி தடுமாறும். எங்கள் அம்மா தூக்கக் கலக்கத்தில் இது எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு பிளாஸ்டரைப் பிய்க்கப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கை அண்ணாச்சிக்கு டைனாபிளாஸ்ட்டை வேகமாக இழுத்ததில் தோலே உரிந்து அதிலிருந்து தனியாக ரத்தம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு எடுக்கும்போது நனைத்து மெதுவாக எடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்தார்கள். கை பூராவும் கருநீலம். வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி அம்மா "கட்டில்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராது, தார்சால பாயை விரி" என்றாள். தார்சா என்றால் எங்கள் வீட்டு முன்கூடம், எப்போதும் படுக்கிற இடம்தான். விடியக் காலம் பாத்ரூம் போக எழுந்திருக்கிறாள். பாயில் படுத்திருக்கிற வயதானவர் எப்படி எழுந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருக்களித்து, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, உடம்பு எடை முழுக்க அந்த மணிக்கட்டில் இறக்கித்தான் எழுந்திருப்பார். கையை மடக்கக் கூடாது என்று சொன்ன யாரும் தரையில் ஊன்றி எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. "ஏட்டி, நனையுது" என்று கேட்டு லைட்டைப் போட்டால், சேலை முந்தானை, பாய் எல்லாம் ரத்தம். ஒட்டுக்கட்டு நழுவித் தொங்குகிறது. நாடி அடிக்க அடிக்கச் செக்கச்சிவப்பாக விட்டுவிட்டு எகிறுகிறது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மதினி ஓடிவந்தாள். அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். காபித்தூளை அப்பி, துண்டை முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். கை கறுக்க ஆரம்பித்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை, இன்னும் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் இருந்த வார்டு நம்பருக்கு போன் போட்டேன். எடுத்த சிஸ்டருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பதறாமல், "மொதல்ல துண்டை அவுங்க. அதுல தமனி அடைபடாது, ரத்தம் திரும்பிப் போற வழிதான் அடைபடும். சுத்தமான துணியை மடிச்சு ஓட்டை மேல வச்சு மூணு விரலால அழுத்துங்க. ஓட்டைக்குக் கொஞ்சம் மேல, முழங்கைப் பக்கமாச் சேத்து அழுத்துங்க" என்றார். தோலில் தெரிகிற ஓட்டையும் தமனியில் இருக்கிற ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்காது. ஊசி சாய்வாகப் போவதால் உள் ஓட்டை ஒரு சென்டிமீட்டர் போல மேலே இருக்கும். மோட்டார் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வருகிற பக்கத்தைத்தானே பிடிப்போம், அதுபோல.

அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து அழுத்தினேன். முதலில் விரலிடுக்கு வழியாக ரத்தம் வந்தது. விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தியதும் என் விரலுக்கு அடியில் நாடி துடிப்பது தெரிந்தது, ரத்தம் சட்டென்று நின்றது. அந்த இடம்தான். மதினி மகன் "நின்னுட்டா பாப்போம், எடுங்க அத்தை" என்றான். எடுக்கவே கூடாது. எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், விடாமல். கட்டைவிரல் மரத்துப்போய் கை நடுங்கியது. மாற்றிப் பிடிக்கச் சொல்ல, பழகிய ஆள் யாரும் இல்லை. ரத்தம் எகிறுகிறது என்றால் நிற்கிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் அழுத்துங்கள், இன்னொருவரை 108-க்கு போன் போடச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தமனி ரத்தத்தை அது நிறுத்தாது, புண்ணில் கிருமியும் சேரும். நோயாளியைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டும் ஓடாதீர்கள், வழியில் யார் அழுத்துவது?

108 வண்டி வந்து பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர் நிதானமாகப் பார்த்து, பஞ்சுச் சுருள் வைத்து சரியான இடத்தில் அழுத்தக் கட்டு போட்டார். அப்போது அம்மாவுக்கு பிபி 190. புது மாத்திரைச் சீட்டில் பழைய பிபி மாத்திரை எழுதப்படாமல் விட்டுப்போயிருந்தது என்பது அங்கேதான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, எது தொடர வேண்டும், எது நிறுத்தப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடிந்ததும் வாடகைக் கார் பிடித்து மறுபடி திருநெல்வேலி. தமனிச் சுவரில் ரத்தப் பை மாதிரி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். அப்படி இருந்தால் மணிக்கட்டில் துடிக்கிற ஒரு கட்டி தெரியும், சில நாள் கழித்துக்கூட வரலாம். எங்களுக்கு இல்லை. கார், ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், மருந்து என்று ஏழாயிரத்துக்குப் பக்கம் கையிலிருந்து போனது. வீக்கத்துக்காகக் கூடுதலாகப் படுத்திருந்த நாட்களுக்கும் ரூம் வாடகை என்று தனியாக வாங்கியிருந்தார்கள். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாதம் நகையை வைத்துத்தான் ஓட்டினேன். ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துப் போடும்போதே, பக்க விளைவு வந்து கூடுதல் நாள் தங்கினால் அது பேக்கேஜில் சேருமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை ரத்தத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன ஒரே யோசனை, "அந்த ரத்தம் எளக்குற மாத்திரைய நிறுத்து" என்பது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். புதிதாக வைத்த ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும், உயிருக்கே ஆபத்து. மணிக்கட்டு ரத்தத்தை விரலால் நிறுத்தலாம், மாரடைப்பை அப்படி நிறுத்த முடியாது. மாற்ற வேண்டும் என்றால் இதய டாக்டர்தான் மாற்ற வேண்டும். கை வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், புரூஃபென் மாதிரி வலி மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக் கசிவைக் கூட்டும். எங்களுக்கு பாராசிட்டமால்தான் கொடுத்தார்கள்.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்தபோது முதலில் கட்டிலைத் தார்சாவுக்கு இழுத்துப் போட்டேன். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டாம், அதையும் ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். இடது பக்கமாக நின்று நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கீழே உட்காரும் கக்கூஸ் என்றால் இன்னும் கஷ்டம், பக்கத்து ஊரில் வாடகைக்கு ஒரு கமோடு நாற்காலி கிடைத்தது. சாப்பாட்டைப் பிசையவும் விடவில்லை, ஸ்பூனில் ஊட்டினேன். தண்ணீர் செம்பு, வாளி, கதவுத் தாழ்ப்பாள், பஸ் கம்பி, கார்க் கைப்பிடி எல்லாமே வலது கைக்குப் போகிற வேலைதான். ஆனால் நான் எதிர்பார்க்காதது கொண்டை. காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முடியைச் சுருட்டிக் கொண்டை போடுவது ஐம்பது அறுபது வருஷப் பழக்கம், மணிக்கட்டை எவ்வளவு திருக வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். முடியைப் பின்னிவிட்டுவிட்டேன். சாதாரணமாக ஒன்றிரண்டு நாள் கனம் தூக்காமல், நனைக்காமல் இருக்கச் சொல்வார்கள். எங்களுக்கு வீக்கம் வந்ததால் ஒரு வாரம் என்றார்கள். அந்தக் கையில் பிபி பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் விடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சிஸ்டரைப் பிடித்து, எங்கே எப்படி அழுத்துவது என்று உங்கள் விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. ராத்திரியில் எடுக்கிற போன் நம்பர் எது என்றும் கேளுங்கள். மறு பரிசோதனைக்குப் போகும்போது மணிக்கட்டில் நாடி இருக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்து பின்னாளில் டயாலிசிஸ் வரலாம் என்றால், ஆஞ்சியோவுக்கு முன்பே அதைச் சொல்லுங்கள். கை ரத்தக் குழாய் டயாலிசிஸுக்குத் தேவைப்படும் என்பதால் வேறு வழியாகச் செய்ய யோசிப்பார்கள். அம்மாவுக்கு இன்னொரு தடவை ஆஞ்சியோ பார்க்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வலது முன்கையில் ரத்தம் கட்டியது, வீட்டில் ரத்தம் பீறிட்டது இரண்டையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, டாப்ளர் ரிப்போர்ட்டோடு சேர்த்து ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.